பினக்பெட்டில் கரண்டி போடாதே

அன்பு மகளுக்கு,

ஹவாயில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு நம் பிலிப்பைன்ஸ் காய்கறிச் சமையலான பினக்பெட் செய்து தரப்போவதாகச் சொன்னாய். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் பூசணிக்காயும், இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த பகோங்கும் வாங்கிவிட்டேன் என்றாயே, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அது மணிலா பக்கத்துச் சமையல். ருசியாகத்தான் இருக்கும், ஆனால் நாட்டின் வடக்கே இருக்கிற நம் இலோகோஸ் பக்கத்துப் பினக்பெட் ஆகாது.

நமக்கு மீன் பகோங்தான். நெத்திலியை உப்பில் போட்டு ஜாடியில் மாதக்கணக்கில் புளிக்கவிட்டது. அதை வெந்நீரில் கரைத்து, முள் இல்லாமல் வடிகட்டிச் சட்டியில் ஊற்று. அதில் தக்காளி, இஞ்சி, சின்ன வெங்காயம். மேலே கத்தரிக்காய், வெண்டைக்காய், அப்புறம் விரல் நீளத்துக்கு மேல் போகாத பிஞ்சுப் பாகற்காய். வதக்கவே வேண்டாம். மூடியைப் போட்டுச் சிறு தீயில் வை. நடுநடுவே துணியால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துக் குலுக்கிவிடு, போதும். கரண்டி பட்டால் கத்தரிக்காய் குழைந்துவிடும், பாகற்காயின் கசப்பும் எல்லாக் காயிலும் இறங்கிவிடும். காய்கள் சுருங்கி, நீர் வற்றியதும் இறக்கு. பன்றிக்கறியை வேகவைத்து, ஈரம் போக உலரவிட்டு, இரண்டு தடவை பொரிக்கப் பொறுமை இருந்தால் பக்னெட்டும் செய்து மேலே போடு.

கறி இல்லையென்றாலும் கவலைப்படாதே. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற மண் நம்முடையது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை அருமை. வேலியோரம் நிற்கிற முருங்கைக்கீரை, அகத்திப்பூ, வழவழப்பான சலுயோட் கீரை, இவற்றைப் பகோங் நீரில் கொதிக்கவிட்டு, ஒரு சுட்ட மீனையும் போட்டால் தினெங்தெங். இதை ஏழைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. பக்னெட்டைவிட எனக்கு இதுதான் உசத்தி. உன் பாட்டி சமைத்ததும் பெரும்பாலும் இதைத்தான்.

ஹவாயில் நம் காய் கிடைக்காது என்று மட்டும் சொல்லாதே. கரும்புத் தோட்ட வேலைக்கு 1906 டிசம்பரில் அங்கே போய் இறங்கிய முதல் 15 பிலிப்பைன்ஸ்காரர்களும் நம் இலோகானோ ஆட்கள், அதாவது இலோகோஸ்காரர்கள். பின்னாலேயே ஆயிரக்கணக்கில் போனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் வீட்டுக் கொல்லையில் இன்றும் முருங்கை நிற்கிறது. நம் ஆட்கள் நிறைய இருக்கிற வைபாஹு ஊர்ப் பக்கம் போய் நம் பாஷையில் கேட்டுப் பார், பையை நிரப்பிக் கொடுத்தனுப்புவார்கள்.

பூசணிக்காயை வீணாக்காதே, வேறு நாளைக்குச் சூப் வை. பகோங்கிலேயே உப்பு இருப்பதால் தனியாகப் போடாதே, சோறு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே வடித்துவை. சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்.

அன்புடன்,
அம்மா