டிக்கிய கையால எப்படி திறக்கறதுன்னு டெலிவரி அன்னைக்கே காட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2024 அக்டோபர்ல கனமழைக்கு ரெட் அலர்ட் குடுத்தப்ப, வெள்ளத்துல மாட்டாம இருக்க வேளச்சேரி மேம்பாலம் மேல வரிசையா கார் நின்னுச்சே, அதுல எங்க காரும் ஒண்ணு. மூணு நாள் கழிச்சு அம்மாவ பிசியோதெரபிக்கு கூட்டிட்டு போகணும்னு போய் ரிமோட்ட அமுக்கினா ஒரு சத்தமும் இல்ல. டேஷ்கேமரா வண்டி நின்னாலும் ஓடற மாதிரி வயர் குடுத்து வச்சிருந்தேன், அது பேட்டரி மொத்தத்தையும் குடிச்சிடுச்சு. நல்ல பேட்டரி வண்டி ஆஃப்ல இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டணும், எங்களது 9 கூட இல்ல.

ரிமோட்டுக்குள்ளயே ஒரு சின்ன சாவி ஒளிஞ்சிருக்கும், அத உருவி டிரைவர் கதவ திறந்துட்டேன். ஆனா டிக்கி? அது கரன்ட்டுல வேலை செய்யற பட்டன், சாவி போட ஓட்டையே கிடையாது. அம்மாவோட மடக்கற வீல்சேர் டிக்கில, வேற வண்டி பேட்டரிலருந்து கரன்ட் எடுத்து ஸ்டார்ட் பண்ற ஜம்பர் கேபிளும் அதே டிக்கில. எங்க பழைய கார்ல டிரைவர் சீட்டுக்கு கீழ ஒரு லிவர் இருக்கும், இழுத்தா கம்பி இழுத்து டிக்கி திறந்துக்கும், பேட்டரி செத்தாலும் கவலையே இல்ல.

ஷோரூமுக்கு போன் பண்ணா ஆள் வர சாயங்காலம் ஆகும்னாங்க. கடைசில எங்க தெரு மெக்கானிக் அண்ணன் தான் போன்லயே சொல்லி குடுத்தாரு, பின் சீட்ட மடக்கி உள்ள போங்க சார், டிக்கி கதவோட உள்பக்கம் லாக்குகிட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுத்துட்டு உள்ள இருக்கற லிவர தள்ளுங்கன்னு. என் உடம்புக்கு அந்த இடம் பத்தல, என் பொண்ணு தான் செல்போன் டார்ச்சோட ஊர்ந்து போய் தள்ளினா, டக்குன்னு திறந்துச்சு. எல்லா கார்லயும் இந்த லிவர் இருக்காது, டிக்கி பின்னாடி தனியா நீட்டிட்டு இருக்கற சில செடான் கார்ல பின் சீட்ட மடக்கற கொக்கியே டிக்கிக்குள்ள தான் இருக்கும், அதனால உங்க வண்டில எப்படின்னு இன்னைக்கே பாத்து வச்சுக்கோங்க.

அவ உள்ள இருந்தப்ப எனக்கு வேற ஒரு பயம் வந்துச்சு. கண்ணாமூச்சி விளையாடற பசங்க செடான் டிக்கில ஏறி மூடிக்கிட்டா நம்ம ஊர் வெயில்ல என்ன ஆகும்? அமெரிக்காவுல 2001 செப்டம்பர் 1லருந்து தயாரான டிக்கி வச்ச கார்ல எல்லாம் உள்ளருந்து திறக்க ஒரு பிடி இருந்தே ஆகணும்னு சட்டம். இங்கயும் அது கட்டாயமாகணும்.

கார் டெலிவரி அன்னைக்கு மாலை போட்டு போட்டோ எடுத்து, ப்ளூடூத், சன்ரூஃப்னு அரை மணி நேரம் சொல்லி குடுத்தாங்க, இந்த லிவர காட்ட ரெண்டு நிமிஷம் ஆகுமா? எங்களுக்கு குடுத்த புக்கும் இங்கிலீஷ்ல தான், என் அப்பாவால படிக்க முடியாது. ஷோரூம்காரங்க இத கையால திறந்து காட்டணும், கம்பெனிங்க தமிழ்ல ஒரு பக்கமாவது படத்தோட போட்டு குடுக்கணும்.

ஜம்பர் கேபிள நான் இப்ப முன் சீட்டுக்கு கீழ வச்சிருக்கேன். உங்க பேப்பர்லயும் மழைக்கு முன்னாடி இத படம் போட்டு ஒரு தடவ போடுங்க சார், மேம்பாலத்துல வண்டிய விடறவங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை