கொருக்குப்பேட்டை உறவுகளே, ரோடு போடறதுக்கு முன்னாடி இதப் படிங்க

சொத்து வரிக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்னு நேத்து கேட்டிருந்தீங்க. இருக்கு. நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் வேணும்னா சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்கணும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏத்த மாதிரி கூடணும்னு 15வது நிதிக்குழு (மத்திய வரிப்பணத்தை எப்படிப் பிரிக்கணும்னு சொல்ற குழு) நிபந்தனை வச்சுது. 2022 ஏப்ரல்ல நம்ம வரி ஏறினதுக்கு அரசு சொன்ன காரணத்துல அதுவும் ஒண்ணு.

காசு கட்டிட்டோம், வேலையைக் கேட்டு வாங்கணும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுதான் புதுசு போடணும்னு 2021லயே தலைமைச் செயலாளர் சொல்லிட்டார். போன தடவை சுரண்டாமப் போட்டதுல ரோடு உசந்து, எங்க வாசல்ல ரெண்டு படி ரோட்டுக்குள்ள போச்சு. மழை பெஞ்சா தண்ணி நேரா அம்மா கட்டிலுக்கடியில நிக்குது.

சுரண்டற மெஷின் வராம தார் லாரி வந்தா, ராத்திரியானாலும் போட்டோ எடுத்து இங்க போடுங்க. மாநகராட்சி புகார் எண் 1913க்கும் கூப்பிட்டு புகார் நம்பர் வாங்கிடுங்க.