செவ்வாய்க்கிழமை நாடகங்களைத் தேடிக் கொடுங்கள்

சென்னைத் தொலைக்காட்சி நிலைய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜனவரியில் பொதிகை 'டிடி தமிழ்' ஆகிவிட்டது. பெயர்ப் பலகையை மாற்றிய கையோடு பழைய நாடா அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எண்பதுகளில் செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால், எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டில் கூட்டம் திண்ணை வரை வழியும். நகைச்சுவை நாடக எழுத்தாளர் கிரேசி மோகனை நான் முதலில் அறிந்தது அந்தக் கூட்டத்தில்தான். சபாவுக்கு டிக்கெட் வாங்க எங்களுக்கு ஏது வசதி?

கிண்டியில் மெக்கானிக்கல் படித்தவர். சுந்தரம் கிளேட்டனில் வேலை. 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகம்தான் மோகனைக் 'கிரேசி' மோகன் ஆக்கியது. 1979-ல் சொந்தக் குழு, அதில் தம்பி பாலாஜி 'மாது' என்ற பாத்திரமாக. நாயகிகளுக்கு ஜானகி என்றே பெயர் வைப்பார். சிறுவயதில் தன்னை மேடையேற்றிய டீச்சரின் பெயர் அது. சினிமா வசனங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கமல் படங்கள் ஏதாவது ஒரு சேனலில் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன.

வசனம் அச்சில் இருந்தால் போதாதா என்பீர்கள். போதாது. ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொள்வார். அதற்குப் பதில் சொல்லப் போய் மூன்றாமவர் மாட்டிக்கொள்வார். முதல் சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டு ஜோக் கடந்து போயிருக்கும். அந்த வேகம் தாளில் வராது. (எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரிக்க முயன்றவன் சொல்கிறேன்.)

லண்டனில் பிபிசி பழைய நாடாக்களை அழித்து அவற்றின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரில் 3 பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. பிறகு, வீட்டில் பதிந்து வைத்திருந்தால் கொடுங்கள் என்று ரசிகர்களிடமே கேட்டார்கள்.

நீங்கள் முதலில் ஒரு பட்டியல் வெளியிடுங்கள்: நாடகத்தின் பெயர், எழுதியவர், ஒளிபரப்பான நாள். மோகனுடையது மட்டுமல்ல, எல்லோருடையதும். கெட்டுப்போனவற்றையும் மறைக்காமல் சேருங்கள். மோகன் 2019 ஜூன் 10 அன்று போய்விட்டார். அந்த நாடகங்களில் நடித்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

என் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறைய கேசட் கிடக்கிறது. லேபிள் எல்லாம் உரிந்துவிட்டது. வேண்டுமென்றால் கொண்டுவந்து தருகிறேன். போட்டுப் பார்க்க டெக் மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பழைய செவ்வாய்க்கிழமை ரசிகன்