பஸ்காரரின் லீவு நாள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கிலச் சொற்றொடர் பகுதியில் ‘பஸ்மேன்ஸ் ஹாலிடே’ என்பதற்கு ‘விடுமுறையே இல்லாத வேலை’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். மோட்டார் பஸ் வந்தபோது பிறந்த சொல் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே சரியில்லை.

லீவு கிடைக்காதவரைப் பற்றிய சொல் அல்ல அது. லீவு கிடைத்தும் அந்த நாளைத் தன் தொழிலிலேயே கழிப்பவரைப் பற்றியது. கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்த சமையல்காரர் பந்தியில் உட்காராமல் அடுப்படியில் போய் நிற்பாரே, அதுதான்.

இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காரணம், என் அப்பா முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். ஒருமுறை ஆஃப் நாளில் எங்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார். எங்களை நடு சீட்டில் உட்காரவைத்துவிட்டு அவர் நேராக முன்னால் போய்விட்டார். மலை ஏறத் தொடங்கியதும் பார்த்தேன், வளைவுக்கு வளைவு அவருடைய வலது கால் தகரத் தரையை அழுத்துகிறது. அங்கே பிரேக்கா இருக்கிறது? கியர் விழும் சத்தம் கொஞ்சம் பிசகினாலும் முகம் சுருங்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் நாங்கள் ஏரிக்கு ஓடினோம். அவர் அந்த டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, வண்டி இறக்கத்தில் எப்படி நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சரி, சொல் பிறந்த இடத்துக்கு வருகிறேன். அது லண்டனில் 1890களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அப்போது பஸ்ஸை இழுத்தவை குதிரைகள். 1829 ஜூலையில் ஷில்லிபீர் என்பவர் லண்டனின் பாடிங்டனிலிருந்து ‘பேங்க்’ என்ற பகுதி வரை அந்த ஊரின் முதல் ‘ஆம்னிபஸ்’ விட்டார். ஆம்னிபஸ் என்றால் லத்தீனில் ‘எல்லோருக்கும்’. அதில் ‘பஸ்’ வெறும் விகுதி, நம்முடைய ‘கு’ உருபு மாதிரி. உலகமே சொல்லை விட்டுவிட்டு உருபை வைத்துக்கொண்டது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது.

இந்தச் சொற்றொடருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான்: லீவில் இருக்கும் வண்டிக்காரர் தன் பஸ்ஸிலேயே பயணியாக ஏறி, மாற்று ஆள் தன் குதிரைகளை அடிக்காமல் ஓட்டுகிறாரா என்று பார்ப்பாராம். இப்படி நடந்ததற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. ஆனாலும் அன்றைய வேலை முறையைப் பார்த்தால் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று புரிகிறது. ஒரு பஸ்ஸுக்குச் சுமார் பத்துப் பதினொரு குதிரைகள் வேண்டும். ஒரு ஜோடி சில மணி நேரம் இழுத்ததும் லாயத்துக்குப் போகும், அடுத்த ஜோடி வரும். குதிரைக்கு ஓய்வு உண்டு. மேலே மழையிலும் பனியிலும் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் மாற்று இல்லை, நாள் முழுக்க அவர்தான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் போதும் என்று கேட்டு 1891 ஜூனில் லண்டன் பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். குறைத்துக் கேட்டதே பன்னிரண்டு மணி நேரம் என்றால், அதற்கு முன் எவ்வளவு நேரம் உழைத்திருப்பார்கள்! அப்படிப்பட்டவருக்கு அபூர்வமாக ஒரு நாள் கிடைத்தால் கால் பழகிய வழியில்தானே போகும். கடிவாளம் பிடித்துக் காய்த்துப்போன கை, வேறு எதைப் பிடிக்கும்?

லண்டனின் பெரிய பஸ் கம்பெனி 1911 அக்டோபரில் குதிரை வண்டிகளை நிறுத்திவிட்டது. சொல் நிற்கவில்லை. இன்று ஊருக்கு வந்தும் உறவினர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸுக்கும் அதே சொல்தான்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ‘லீவு நாளிலும் அதே வேலை’ என்று நான்கு வார்த்தை போதும். பழைய இதழ்களைக் கத்தரித்து வைத்துப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பஸ் டிரைவர் ஒருவரின் மகள்,
திண்டுக்கல்.