எடைக்கு முன் மதிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜேர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சியில் 2013 இல் தொடங்கி, பிற்பகல்களில் ஒளிபரப்பாகும் ‘பாரெஸ் ஃபியூர் ராரெஸ்’ நிகழ்ச்சியை, அங்கு வாழும் என் தங்கை வீட்டில் பல நாட்கள் பார்த்தேன். பழம்பொருளைக் கொண்டுவருபவரிடம் அதன் காலம், உலோகம், பழுது, உத்தேச விலை யாவற்றையும் நிபுணர் முதலில் விளக்குகிறார். அதன் பின்னரே பொருளைக் கொண்டுவந்தவர் வியாபாரிகள் முன் செல்கிறார். அவர்கள் போட்டியிட்டுக் கேட்கும் விலை பிடிக்காவிட்டால் பொருளைத் திரும்ப எடுத்துச் செல்லலாம்.

கொழும்பில் எனக்கு நேர்ந்தது வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மம்மாவின் பித்தளை மூக்குப்பேணியை (மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரம்) ஒரு கடைக்காரர் தராசில் போட்டார். அடியில் வெட்டியிருந்த அம்மம்மாவின் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய பித்தளை விலைக்கே கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நம் தமிழ் அலைவரிசைகள் இத்தகைய நிகழ்ச்சியொன்றைத் தயாரிக்க வேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் தேவை என்பதையும் அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.