பொத்தான் இங்கே, மேக்ரோ எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்செல் கற்றுத்தரும் வகுப்புகளும் செய்தித்தாள்களின் கணினிப் பகுதிகளும், மேக்ரோவை, அதாவது ஒரு வேலையைத் தானாகச் செய்துமுடிக்கும் கட்டளைத் தொகுப்பை, பதிவுசெய்து அதை ஒரு பொத்தானோடு இணைப்பதுவரை அழகாக விளக்குகின்றன. அந்தப் பொத்தான் உள்ள தாளை வேறொரு பணிப்புத்தகத்துக்கு (எக்செல் கோப்புக்கு) நகலெடுத்தால் என்ன நேரும் என்பதை மட்டும் சொல்வதில்லை. கணக்குப் பிரிவில் பணிபுரியும் நான் அதை ஒரு மாதப் பதிவுகளைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சென்ற மாதத் தாளைப் புதிய பணிப்புத்தகத்துக்கு நகலெடுத்து, 'பதிவுகளை அழி' என்று பெயரிட்டிருந்த பொத்தானை அழுத்தினேன். பழைய பணிப்புத்தகம் தானாகத் திறந்துகொண்டது. அழிந்தவையும் அதிலிருந்த பதிவுகளே. சாதாரணப் பொத்தானுக்குரிய மேக்ரோ தாளில் இருப்பதில்லை, பணிப்புத்தகத்தில் நிரலை வைக்கும் 'மாட்யூல்' என்ற பகுதியில் இருக்கிறது. பொத்தானிடம் இருப்பது கோப்பின் பெயரும் மேக்ரோவின் பெயரும் எழுதிய முகவரிச் சீட்டு மட்டுமே. தாளை நகலெடுத்தால் சீட்டு உடன்வரும், மாட்யூல் வராது. ('ஆக்டிவ்எக்ஸ்' என்ற இன்னொரு வகைப் பொத்தானின் நிரல் தாளோடு சேர்ந்தே வந்துவிடும், அதன் தொல்லைகள் வேறு.) பழைய கோப்பு இடம் மாறியிருந்தால், மேக்ரோவை இயக்க இயலவில்லை என்ற அறிவிப்போடு எல்லாம் நின்றிருக்கும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பல கோப்புகளுக்கும் பொதுவான மேக்ரோவைப் 'பர்சனல் மேக்ரோ ஒர்க்புக்' என்ற, நம் கணினியில் மட்டும் இருக்கும் தனிக் கோப்பில் வைக்கச் சொல்வார்கள். எக்செல்லோடு அதுவும் மறைவாகத் திறந்துகொள்வதால் நம் கணினியில் குறையிருக்காது. கோப்பைச் சக ஊழியருக்கு அனுப்பியதும் பொத்தான் ஊமையாகிவிடும். பலரும் பயன்படுத்துவதென்றால் 'ஆட்-இன்' என்ற, எக்செல்லோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கோப்பாக்கி ஒவ்வொரு கணினியிலும் நிறுவுவதே சரி என்பது என் கருத்து. அப்போதும் நிரலில் 'திஸ்ஒர்க்புக்' என்று எழுதினால், அது நிரல் இருக்கும் கோப்பை, அதாவது ஆட்-இன் கோப்பையே குறிக்கும். கண்முன் இருக்கும் பணிப்புத்தகத்துக்கு 'ஆக்டிவ்ஒர்க்புக்' என்று எழுத வேண்டும். நான் எழுதியிருந்தது 'திஸ்ஒர்க்புக்'; அதனால்தான் பழைய கோப்பின் பதிவுகள் அழிந்தன.

தாங்கள் அடுத்த முறை மேக்ரோவைப் பற்றி வெளியிடும்போது, மாட்யூலை விஷுவல் பேசிக் எடிட்டர் என்ற நிரல் எழுதும் சாளரத்தில் புதிய பணிப்புத்தகத்துக்கு இழுத்துவிட்டு, பொத்தானின் மேல் வலச்சொடுக்கி, 'அசைன் மேக்ரோ' பெட்டியில் 'திஸ் ஒர்க்புக்' என்பதைத் தேர்ந்து மறுபடி இணைக்கும் முறையையும் ஒரு பத்தியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 2007 பதிப்பு முதல், வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமித்தால் மேக்ரோ போய்விடும் என்பதால், கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமிக்கவும் அதிலேயே நினைவூட்டலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்