புள்ளிகளுக்காக எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்விதழ்களைத் தரம்பிரித்துவந்த ‘கேர்’ பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டு, அந்தப் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. ஆனால் கோளாறு பட்டியலில் மட்டும் இல்லை. ஆசிரியர்களின் நியமனத்தையும் பதவி உயர்வையும் 2010இல் ஆய்வுக் கட்டுரைகளையும் எண்ணும் புள்ளிக் கணக்குடன் பிணைத்தபோதே, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்குச் சந்தை உருவாகிவிட்டது. ‘கேர்’ வருவதற்கு முன்பு தான் அங்கீகரித்திருந்த பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை 2018 மே மாதத்தில் குழு நீக்க நேர்ந்தது.

நம் கலைக் கல்லூரிகளின் ‘பன்னாட்டுக் கருத்தரங்கு’களுக்குச் சென்றவர்கள் இதை அறிவார்கள். கட்டணம் செலுத்தியவர்களின் கட்டுரைகள் ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணுடன் தொகுப்பாகிக் காலையிலேயே பையில் வந்துவிடும். வாசிக்க ஐந்து நிமிடம், கேள்விகளுக்கு நேரமில்லை, மாலையில் சான்றிதழ். சுவடிகளையோ வட்டார வழக்கையோ ஆண்டுக்கணக்கில் தேடி ஒரே கட்டுரை எழுதுபவர், ஒன்றை மூன்றாக உடைத்து வெளியிடுபவரிடம் தோற்றுப்போகிறார். (அவர் வகுப்பையும் ஒழுங்காக எடுப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம்.)

பிழையோ மோசடியோ தெரியவந்து இதழ்களால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக, கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் 2025இல் மதிப்பெண் குறைக்கத் தொடங்கியது வரவேற்கத்தக்கதே. எனினும் அதுவும் எண்ணிக்கைதான். விண்ணப்பதாரர் தாமே தேர்ந்தளிக்கும் மூன்று கட்டுரைகளைத் தேர்வுக் குழுவினர் முழுமையாகப் படித்து, எழுத்துபூர்வமாகக் கருத்துரைக்க வேண்டும் என்று மானியக் குழு விதி வகுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி